முதல் துளி விழும் கிண்ணம்

நான் வளர்ந்தது ஜொகூரில், குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். விடிவதற்கு முன்பே பால் வெட்டு தொடங்கிவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா மரத்துக்கு மரம் போவார். உளி பட்டையைச் சீவியதும் இருட்டில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அது சாய்வாக வழிந்து, தகரத்தில் இறங்கி, கீழே கட்டியிருக்கும் மங்கில் சொட்டும். "ஏம்மா இருட்டுல வெட்டணும், வெயில் வந்தப்புறம் வெட்டினா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். "வெயில் ஏறினா மரம் பாலை உள்ள இழுத்துக்கும்" என்றார்.

அம்மா சொன்னதில் இருந்த அறிவியல் எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் புரிந்தது. இரவில் இலைகள் நீரை அதிகம் இழப்பதில்லை. வேர் உறிஞ்சிய நீர் மரத்துக்குள் நிறைந்து, பால் குழாய்களில் அழுத்தம் ஏறி நிற்கிறது. உளி பட்டவுடன் அந்த அழுத்தம்தான் பாலை வெளியே தள்ளுகிறது. வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக்கிவிடும், அழுத்தம் இறங்கும், பாலும் குறையும். மரத்தில் பம்பு கிடையாது. இருப்பதெல்லாம் அழுத்தமும், கீழே ஏந்திக்கொள்ள ஒரு மங்கும்தான்.

நம் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகுப் பக்கமாக இருக்கும் இரண்டு சிறுநீரகங்களிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் மங்குகள். பள்ளிப் பாடநூலில் அவற்றுக்குப் பௌமானின் கிண்ணம் என்று பெயர். ரத்தத்திலிருந்து வடியும் நீர் முதன்முதலில் வந்து விழும் இடம் அது. சிறுநீர் என்று நாம் சொல்வது அங்கேதான் பிறக்கிறது.

ஒரு கிண்ணத்தை நெருங்கிப் பார்ப்போம். கிண்ணமும் அதற்குள் இருப்பதும் சேர்ந்து குறுக்களவில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். நல்ல கண்ணுள்ளவர் வெட்டிய சிறுநீரகத்தை வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். மயிரிழையை விட மெல்லிய ரத்தக் குழாய் ஒன்று கிண்ணத்துக்குள் நுழைந்து, பல இழைகளாகப் பிரிந்து, நூல் கண்டு போலச் சுருண்டு, மறுபடியும் ஒன்றாகி வெளியேறுகிறது. அந்தச் சுருளுக்குக் கிளாமருலஸ் என்று பெயர். ரப்பர் மரத்துக்கும் இதற்கும் இருக்கும் பெரிய வேறுபாடு இங்கேதான். தோட்டத்தில் மங்கு மரத்துக்குக் கீழே தனியாகத் தொங்கும். இங்கே கிண்ணம் அந்தச் சுருளைச் சுற்றியே வளைந்து, அதைத் தனக்குள் பொதிந்துகொண்டிருக்கிறது. கிண்ணத்தின் உள்சுவர் சுருளின் ஒவ்வொரு இழையையும் ஒட்டிப் போர்த்தியிருக்கிறது. வெளிச்சுவர் சற்றுத் தள்ளி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளியில்தான் நீர் சேர்கிறது. சேர்ந்ததும் கிண்ணத்தின் அடியிலிருந்து புறப்படும் நீண்ட குழாயில் இறங்கிவிடுகிறது. கிண்ணம், குழாய், சுருள் மூன்றும் சேர்ந்ததுதான் நெஃப்ரான்.

உடலில் மற்ற இடங்களில் உள்ள நுண்குழாய்களோடு ஒப்பிட்டால், கிளாமருலஸில் ரத்த அழுத்தம் இரண்டு மடங்கு இருக்கும். உள்ளே வரும் குழாயைவிட வெளியேறும் குழாய் ஒடுக்கமாக இருப்பது ஒரு காரணம். தோட்டத்தில் வாசல் குழாயின் முனையை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் எப்படிப் பீறிடுமோ, அப்படி. ஆனால் ரத்தத்தில் மிதக்கும் புரதங்கள் தண்ணீரைத் தம் பக்கமே இழுத்துப் பிடிக்கும், கிண்ணத்தில் ஏற்கனவே நிற்கும் நீரும் எதிர்த்துத் தள்ளும். இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது பாதரசக் கணக்கில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அழுத்தம்தான். அது மிகச் சிறியது. ஆனாலும் அந்தச் சிறு தள்ளலில் நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர், நாளொன்றுக்கு 180 லிட்டர் நீர் கிண்ணங்களில் வந்து விழுகிறது. எங்கள் தோட்டத்து மண்ணெண்ணெய்த் தகரத்தில் 18 லிட்டர் பிடிக்கும். பத்துத் தகரம்! நம் உடலில் ஓடும் ரத்தத்தின் நீர்ப்பகுதியே சுமார் 3 லிட்டர்தான். அப்படியென்றால் அது ஒவ்வொரு நாளும் 60 முறை வெளியே ஊற்றப்பட்டுத் திரும்ப உள்ளே எடுக்கப்படுகிறது. அந்த 180 லிட்டரில் ஒன்றரை லிட்டரோ இரண்டு லிட்டரோதான் சிறுநீராகப் போகிறது. மீதியைக் குழாய் மீட்டுவிடுகிறது.

இந்தக் கிண்ணத்தைக் கண்டடைந்து புரிந்துகொண்ட கதை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நீள்கிறது. 1666-ல் இத்தாலியின் மார்செல்லோ மல்பீகி சிறுநீரகத் தமனியில் கறுப்புத் திரவம் ஒன்றைச் செலுத்திப் பார்த்தார். கிளைகளில் ஆப்பிள்கள் தொங்குவதுபோல் ரத்தக் குழாய்களில் சிறு உருண்டைகள் தொங்குவதைக் கண்டார். அவற்றுக்கும் சிறுநீர்க் குழாய்களுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று எண்ணினாரே ஒழிய அவரால் அதைக் காட்ட முடியவில்லை. பின்னாளில் ஜெர்மனியின் யோஹான்னஸ் மியூல்லர் அந்த உருண்டைகளைச் சுற்றி ஓர் உறை இருப்பதைப் பார்த்தார். ஆனால் குழாயோடு அதற்குத் தொடர்பே இல்லை என்று உறுதியாகச் சொன்னார்.

லண்டனில் வில்லியம் பௌமான் இதை எடுத்துக்கொண்டபோது அவருக்கு வயது 25. தமனி வழியே இரண்டு உப்புக் கரைசல்களை அடுத்தடுத்துச் செலுத்தினார். இரண்டும் உள்ளே சந்தித்தால் மஞ்சள் நிறப் படிவு உண்டாகும். சில இடங்களில் மென்மையான சுருள் வெடித்து, மஞ்சள் உறைக்குள் பரவியது. பரவிய மஞ்சள் அங்கேயே நிற்கவில்லை, குழாய்க்குள் நேராக இறங்கி ஓடியது. தவறுதலாக உடைந்த ஒரு சுருள் மியூல்லரின் கருத்தைக் கவிழ்த்துவிட்டது. உறை என்பது குழாயின் மூடிய முனை, அது விரிந்து கிண்ணமாகிச் சுருளை ஏந்துகிறது என்று 1842-ல் பௌமான் எழுதினார். கிண்ணத்துக்கு அவர் பெயரே இன்றும் நிற்கிறது. பிறகு அவர் கண் மருத்துவத்துக்குப் போய்விட்டார். நம் விழிவெண்படலத்தில் உள்ள ஓர் அடுக்குக்கும் அவர் பெயர்தான்.

வடிவத்தைச் சரியாகக் கண்ட பௌமான், வேலையைப் பாதிதான் சரியாக ஊகித்தார். சுருள் தண்ணீரை மட்டும் விடுகிறது, கழிவுகளைக் குழாயின் சுவர்தான் சுரந்து சேர்க்கிறது, தண்ணீர் அவற்றை அடித்துக்கொண்டு போகிறது என்று நினைத்தார். அதே 1842-ல், ஜெர்மனியின் மார்பர்க்கில், அதே 25 வயதில் இருந்த கார்ல் லுட்விக் வேறு மாதிரி சொன்னார். அழுத்தத்தால் புரதம் தவிர எல்லாமே வடிகிறது, பிறகு குழாயில் தண்ணீர் மீட்கப்படுகிறது என்றார். இருவரில் யார் சரி என்று தெரிய 80 ஆண்டுகள் ஆயின. கிண்ணத்துக்குள் விழுந்த துளியையே எடுத்துப் பார்த்தால்தானே தெரியும்? அதை யார் எடுப்பது?

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வெர்ன், ஆல்பிரட் நியூட்டன் ரிச்சர்ட்ஸ் இருவரும் எடுத்தார்கள். உயிருள்ள தவளையின் சிறுநீரகத்தை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, கண்ணாடிக் குழாயை நெருப்பில் இழுத்து ஊசியைவிடக் கூராக்கி, ஒரே ஒரு கிண்ணத்தின் சுவரைத் துளைத்து உள்ளிருந்த நீரை உறிஞ்சினார்கள். 1924-ல் முடிவு வெளியானது. அந்த நீரில் புரதம் இல்லை. சர்க்கரை இருந்தது, உப்பு இருந்தது. அதே தவளையின் சிறுநீர்ப்பையிலிருந்த சிறுநீரில் சர்க்கரை இல்லை. அப்படியென்றால் கிண்ணத்தில் எல்லாம் வந்து விழுகிறது, வழியில் குழாய் தனக்கு வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அறிவியலில் நான் மிகவும் மதிக்கும் சோதனைகளில் இது ஒன்று. ஒரு துளிக்காக அவர்கள் கை எவ்வளவு நடுங்காமல் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரு கேள்வி நெருடுகிறது. கழிவை மட்டும் பார்த்து எடுத்து வெளியே போடலாமே. எதற்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் பிறகு பொறுக்க வேண்டும்? சிறுநீரகங்கள் உடல் எடையில் அரை சதவிகிதம்கூட இல்லை. இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்குப் போகிறது, பொறுக்கும் வேலைக்கு ஏராளமான ஆற்றலும் செலவாகிறது.

இதற்கான பதிலில் ஒரு பகுதி ஜொகூரிலேயே இருக்கிறது. கெலாங் பாத்தாவைத் தாண்டி, பூலாய் ஆறு கடலோடு சேரும் முகத்துவாரத்தில், மெராம்போங் பக்கம் கடற்புல் படுகைகள் உள்ளன. அந்த ஆற்றின் சதுப்புநிலக் காடு 2003-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நீர் நன்றாக வற்றும் நாளில் புல்லைப் பார்த்துக்கொண்டே மெல்ல நடந்தால் வாலால் ஒரு தாளைப் பற்றிக்கொண்டு நிற்கும் கடற்குதிரையைப் பார்க்கலாம். 1852-ல் பிளீக்கர் என்ற டச்சு மருத்துவர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது மலாய்ச் சொல்லான கூடாவையே, அதாவது குதிரையையே, சேர்த்துக்கொண்டார். சூ சீ குவாங் என்ற உயிரியலாளரும் அவர் தொடங்கிய குழுவும் இந்தப் படுகையில் கடற்குதிரைகளை எண்ணியும் அளந்தும் பதிவு செய்தார்கள். துறைமுகமும் கடலை மண்ணிட்டு மூடும் திட்டங்களும் படுகையை நெருக்கியபோது இந்த மீனுக்காகக் குரல் கொடுத்தவர்களும் அவர்களே.

இந்தக் கடற்குதிரையின் சிறுநீரகத்தில் கிளாமருலஸ் கிடையாது. பௌமானின் கிண்ணமும் கிடையாது. வெறும் குழாய்கள் மட்டும்தான்.

காரணம் உப்பு. ஆற்று மீனின் உடலைவிட வெளித் தண்ணீரில் உப்பு குறைவு. அதனால் தண்ணீர் ஓயாமல் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும், அதை இறைத்து வெளியே கொட்ட வேண்டும். அதற்குக் கிண்ணம் அருமையான கருவி. கடல் மீனுக்கு நேர் எதிர் நிலைமை. சுற்றியுள்ள உப்புநீர் உடலிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. அது கடல் நீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியே வெளியேற்றிச் சமாளிக்கிறது. தண்ணீரே அரிதான இடத்தில் ஏந்தி ஏந்திக் கொட்டும் கிண்ணம் பாரம்தானே. பல கடல் மீன்களில் கிண்ணங்கள் சிறுத்திருக்கின்றன. கடற்குதிரைக் குடும்பத்தில் அவை இல்லாமலே போய்விட்டன. தென்துருவக் கடலில் உறையாமல் வாழும் சில மீன்களும் இப்படித்தான். ரத்தத்தை உறையவிடாமல் காக்கும் சிறு மூலக்கூறுகள் கிண்ணம் வழியே வடிந்து வீணாகிவிடும் என்பதால் அவற்றுக்கும் கிண்ணம் இல்லாமலிருப்பதே நல்லது.

கிண்ணம் இல்லாத மீனும் சிறுநீர் கழிக்கிறது. அதன் குழாய்ச் சுவரே கழிவைப் பார்த்துப் பார்த்துச் சுரக்கிறது. பௌமான் சுவர்தான் சுரக்கிறது என்று சொன்னது முழுத் தவறு அல்ல என்பது அமெரிக்காவின் மார்ஷல் என்ற ஆய்வாளர் இத்தகைய மீன்களை ஆராய்ந்தபோது தெளிவானது. நம் குழாய்களும் அந்த வேலையைச் சிறிது செய்கின்றன. பெனிசிலினை நாம் வேகமாக இழப்பது அதனால்தான்.

முதுகெலும்பிகள் நன்னீரில் உருவானதால்தான் கிண்ணம் தோன்றியது என்று ஹோமர் ஸ்மித் 1953-ல் ஒரு புகழ்பெற்ற நூல் எழுதினார். கடலிலேயே வாழ்ந்து, கடலைப் போலவே உப்பான ரத்தம் கொண்ட ஹேக்மீனுக்கும் கிண்ணம் இருப்பது அந்தக் கருத்துக்கு இடறலாக நிற்கிறது. எனவே தோற்றத்தை விடுவோம். ஆனால் நிலத்துக்கு ஏறிய நாம் ஏன் அதை விட்டுவிடவில்லை என்பதற்கு ஸ்மித் காலத்திலிருந்தே நல்ல விடை உண்டு. தீபாவளிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும்போது எல்லாச் சாமானையும் வாசலில் இறக்கி, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே எடுத்து வைப்போம். குப்பை எது என்று அலசத் தேவையில்லை. கிண்ணமும் அப்படித்தான். நேற்று வரை உடல் பார்த்திராத புதிய நஞ்சு ஒன்று ரத்தத்தில் வந்தாலும், அது சிறியதாக இருந்தால் தானே வாசலுக்கு வந்துவிடும். குழாய் அதை அடையாளம் காண வேண்டியதில்லை. சும்மா விட்டுவிட்டாலே போதும்.

புரதம் மட்டும் வாசலுக்கு வரக்கூடாது. கிண்ணத்தின் உள்சுவரில் இருக்கும் போடோசைட் என்ற செல்கள் அதற்குக் காவல். ஆலமர வேர்கள் கோயில் சுவரைப் பற்றிக்கொள்வதுபோல அவை கிளாமருலஸ் இழைகளைக் கால் பரப்பிப் பிடித்திருக்கின்றன. ஒரு செல்லின் விரல்களும் அடுத்த செல்லின் விரல்களும் கோத்து நிற்கும் இடுக்குகளில் ஒரு நுண்ணிய திரை இருக்கிறது. நெஃப்ரின் என்ற புரதம் நெய்த திரை அது. 1998-ல் கார்ல் டிரிக்வாசனின் குழு இதைக் கண்டுபிடித்தது. பிறந்த உடனேயே சிறுநீரில் புரதம் கொட்டும் ஃபின்லாந்துக் குழந்தைகளின் மரபணுவைத் தேடிப்போய் அடைந்த விடை. இந்தக் காவல் செல்களின் துயரம் என்னவென்றால், இறந்தால் புதிது பிறப்பது அரிது. நாம் பிறந்தபோது கொண்டுவந்த முதலைத்தான் ஆயுள் முழுக்கச் செலவழிக்கிறோம்.

இந்த இடத்தில் நான் என் பெரியம்மாவை நினைக்காமல் எழுத முடியாது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த பிறகு அவருக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு, வந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சிறுநீர் கழித்தால் நுரை நிற்கிறது, வாளித் தண்ணீர் ஊற்றினாலும் அடங்கவில்லை என்று ஒருநாள் சொன்னார். சோப்புத் தண்ணீர் கலந்திருக்கும் என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டோம். அந்த நுரைதான் ஆல்புமின். முட்டை வெள்ளையை அடித்தால் நுரைக்கும் அதே காரணம். சில வருடங்கள் கழித்து வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அவர் டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்திருந்தார். இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்திருந்த இடத்தில் விரல் வைத்தால் பூனையின் தொண்டை போல அதிரும். வாரத்தில் 12 மணி நேரம் இயந்திரம் செய்ததை ஆரோக்கியமான சிறுநீரகம் 168 மணி நேரமும் சத்தமில்லாமல் செய்கிறது.

சர்க்கரை முதலில் கிண்ணத்தைக் கெடுப்பதில்லை, அதற்கு வேலையைக் கூட்டுகிறது. உள்வரும் குழாய் விரிகிறது, சுருளில் அழுத்தம் ஏறுகிறது, வடியும் நீர் வழக்கத்தைவிட அதிகமாகிறது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பிரமாதமாக இருப்பதுபோலத் தெரியும். இந்த ஏமாற்றுக் காலத்தில்தான் போடோசைட்டுகள் பிடி தளர்ந்து, கிண்ணத்தின் இடைவெளியில் விழுந்து, சிறுநீரோடு போய்விடுகின்றன. காவல் போன இடத்தில் சுருளின் இழை உப்பி, எதிரே உள்ள கிண்ணத்தின் வெளிச்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடம் தழும்பாகிறது. தழும்பு பரவி ஒரு கிண்ணம் முழுவதும் மூடிக்கொண்டால் அதன் பங்கு நீர் மற்ற கிண்ணங்களின் தலையில் விழுகிறது. அவையும் அழுத்தத்தில் தேய்கின்றன. பாதிக்கும் மேல் போகும்வரை உடம்புக்கு ஒன்றும் தெரியாது.

ஒன்றும் தெரியாது என்பதை ஓர் ஆய்வு எண்ணாகவே சொல்லிவிட்டது. ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் சிறுநீரக நிபுணர் ஹூய் லாய் சியோங் தலைமையில் 2011-ல் தீபகற்ப மலேசியாவில் 876 பேரைப் பரிசோதித்தார்கள். பெரியவர்களில் 9.07 சதவிகிதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் தமக்கு நோய் இருப்பதை அறிந்தவர்கள் 100-க்கு 4 பேர். 2018-ல் செய்த அடுத்த ஆய்வில் நோயாளிகளின் விகிதம் 15.48 சதவிகிதமாக ஏறியிருந்தது. அறிந்தவர்கள் 5 பேர். ஏழு வருடங்களில் கூடியது ஒருவர். 2019-ன் தேசிய உடல்நல ஆய்வில் மலேசிய இந்தியர்களில் பெரியவர்களுக்கு இனிப்புநீர் 31.4 சதவிகிதம், எல்லா இனங்களிலும் அதிகம். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் காரணம் இனிப்புநீர்தான். எங்கள் குடும்பம் விதிவிலக்கு இல்லை.

மருந்து இல்லாமல் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு என்று கொடுக்கும் சில மாத்திரைகள் கிளாமருலஸிலிருந்து வெளியேறும் குழாயைத் தளர்த்தி, உள்ளே அழுத்தத்தை இறக்குகின்றன. இத்தகைய மாத்திரை சிறுநீரகத்தைக் காக்கும் என்பதை 1993-ல் காப்டோபிரிலை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. இன்னொரு வகையின் வேர் ஆப்பிள் மரத்தில் இருக்கிறது. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-ல் பிரித்தெடுத்த ஃபுளோரிசின் என்ற பொருள் குழாயில் சர்க்கரை மீட்பதைத் தடுக்கும். அதன் வழித்தோன்றல்களான இன்றைய மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் விடுவதோடு நிற்பதில்லை. குழாய் வளைந்து வந்து தன் கிண்ணத்தின் வாசலையே தொடும் ஓர் இடம் உண்டு. அங்கே உப்பு கூடுதலாக வந்து சேர்வதைக் கண்டு, உள்வரும் குழாய் சற்றுச் சுருங்குகிறது. அழுத்தம் இறங்குகிறது. 2019-லும் 2020-லும் வெளியான பெரிய ஆய்வுகளில் இந்த மாத்திரைகள் சிறுநீரகம் செயலிழப்பதைக் கணிசமாகத் தள்ளிப்போட்டன. மல்பீகி ஆப்பிள் என்று எழுதியதும் ஆப்பிள் மரமே மருந்தானதும் தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்த மருந்துகள் தழும்பான கிண்ணத்தைத் திருப்பித் தருவதில்லை. மிஞ்சியதைக் காப்பாற்றும். அதனால் சீக்கிரம் தெரிந்துகொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆல்புமின் ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமைத் தாண்டும்போதே கிண்ணத்தில் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். சாதாரணக் காகிதப் பட்டை இதைக் காட்டாது. கசிவு அதைப்போல் பல மடங்கு ஆன பிறகுதான் நிறம் மாறும். காலைச் சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும் சோதனை வேண்டும். மலேசியக் குடிமகனுக்கு அரசுச் சுகாதார கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்க ஒரு வெள்ளிதான் கட்டணம். உங்களுக்கோ வீட்டில் பெரியவர்களுக்கோ இனிப்புநீரோ ரத்த அழுத்தமோ இருந்தால், அடுத்த முறை போகும்போது ரத்தத்தை மட்டும் பார்க்கச் சொல்லாதீர்கள். "ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் பார்த்தீர்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வருடம் ஒருமுறை கேளுங்கள்.